திடல் யாருக்கு? காவிரிப் படுகையில் விளையாட்டு வெளியின் வரலாறு
(வெண்மணி ஈகியர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெண்மணி ஈகியரின் நினைவாக நடக்கும் கூட்டத்தில் விளையாட்டுத் திடலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னபோது சில தோழர்கள் தயங்கினார்கள். கூலி, நிலம், கோயில் நுழைவு, ஆணவக் கொலை என்று பேச எவ்வளவோ இருக்கும்போது ஊஞ்சலும் சறுக்குமரமும் எதற்கு என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். அதற்கு நம்மிடம் ஒரு பதில் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு சிறிய குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் குழந்தைகளின் பெயரும் வயதும் பதிவாகியிருக்கின்றன. அவர்கள் எங்கே விளையாடினார்கள், என்ன விளையாடினார்கள், விளையாட நேரம் கிடைத்ததா என்பதை நம் வரலாறு எழுதவில்லை. கூலிப் போராட்டத்தின் வரலாற்றை எழுதிய நாமும் எழுதவில்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கவே இந்த உரை.

இன்னொரு காரணமும் உண்டு. சித்திரை பிறந்து பள்ளி விடுமுறை விட்டதும் நம் வீடுகளில் கேட்கும் குரல் ஒன்றுதான். "அப்பா, எங்கப்பா கூட்டிட்டுப் போற?" பிள்ளை அப்படிக் கேட்டதும் நம் மனத்தில் வருவது தஞ்சாவூர்ச் சிவகங்கைப் பூங்கா, கல்லணை, தரங்கம்பாடிக் கடற்கரை, வேளாங்கண்ணி. எல்லாம் பேருந்து ஏறிப் போகவேண்டிய இடங்கள். பிள்ளை விளையாட ஏன் பேருந்து ஏற வேண்டும்? ஊரில் இடம் இல்லையா? இருக்கிற இடம் யாருடையது? இந்தக் கேள்விக்குள் ஆயிரம் வருட வரலாறு அடங்கியிருக்கிறது.

1. நெல்லுக்குப் போன வெளி

காவிரிப் படுகையைப் பச்சைக் கம்பளம் என்று வருணிக்கிறார்கள். அந்தக் கம்பளத்தில் கால் வைக்க இடமில்லை என்பது அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். மேடான இடம் எல்லாம் வீடு, கோயில், தோப்பு. பள்ளமான இடம் எல்லாம் வயல். இரண்டுக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் வரப்பு. வறண்ட மாவட்டங்களில் ஊருக்கு வெளியே கரடும் பொட்டலும் கிடக்கும், பிள்ளைகள் ஓடலாம். இங்கே அப்படிக் கிடக்கும் நிலம் அரிது. தண்ணீர் ஏறிய நிலம் எல்லாம் நெல்லுக்குப் போய்விட்டது.

'திடல்' என்ற சொல்லையே பாருங்கள். மற்ற இடங்களில் திடல் என்றால் மைதானம், பொதுக்கூட்டம் நடக்கும் வெளி. படுகைக்காரர்களுக்குத் திடல் என்றால் வயலுக்கு நடுவே நீர் ஏறாமல் மேடாக நிற்கும் நிலம். ஆகவே இங்கே திடலுக்கு எப்போதும் கிராக்கி. மேடு கிடைத்தவர் வீடு கட்டினார், தென்னை வைத்தார். பள்ளத்தில் நின்றவர் நாற்று நட்டார்.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் இதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களை வெட்டிவைத்த கல்வெட்டுகள், ஒவ்வோர் ஊரிலும் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், களம், கன்றுகள் மேயும் பாழ், சுடுகாடு. இவற்றோடு பறைச்சேரி, கம்மாணசேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றன. சில ஊர்களில் வெள்ளாளருக்கு ஒரு சுடுகாடு, பறையருக்கு ஒரு சுடுகாடு என்று பிணத்துக்கும் பிரிவினை எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் பட்டியலை வரலாற்று மாணவர்கள் தீண்டாமையின் பழமைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அது சரிதான். அதே பட்டியலில் நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கன்றுக்குட்டி மேய ஒரு பாழ் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நெல்லை அடிக்கக் களம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. செத்தவருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் ஓடி விளையாட என்று ஓர் இடம் கணக்கில் வரவில்லை. இன்றைய வருவாய்த் துறைக் கணக்கில் நாம் கேட்டுப் பழகிய பெயர்களும் நத்தம் புறம்போக்கு, களம் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, மயானம் என்பவைதான்.

அப்படியானால் படுகைப் பிள்ளைகள் விளையாடவே இல்லையா? விளையாடினார்கள். நெல் விட்ட இடைவெளியில் விளையாடினார்கள். மேட்டூர் அணை 1934-இல் திறந்த பிறகு ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் விட்டால் குறுவை. அதன் பின் சம்பா அல்லது தாளடி. தை, மாசியில் அறுவடை. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே, நிற்கும் கதிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். ஆக, நெல் அறுத்த வயலும் உடனே விளையாடக் கிடைக்காது. உளுந்து பிடுங்கிய பிறகு, பங்குனிக் கடைசியிலிருந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை, பாளம் பாளமாக வெடித்த வயல்தான் திடல். அந்த இரண்டு மாதம்தான் கிட்டிப்புள்ளும் சடுகுடுவும் பின்னால் கிரிக்கெட்டும் நடந்த காலம். கிளித்தட்டுக்குக் கோடு போட்டுப் பாருங்கள். குறுக்கே வரப்பு, நெடுக்கே வரப்பு, ஒவ்வொரு வரப்பிலும் மறிக்க ஒருவன், மறிப்பவன் கைக்குச் சிக்காமல் கடந்து போவதுதான் ஆட்டம். நம் பிள்ளைகளுக்கு அதன் விதிகளை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த வயலும் மிராசுதாரருடையது. அவர் பார்த்துச் சும்மா இருந்தால் விளையாட்டு. அதட்டினால் ஓட்டம்.

2. பொழுது யாருடையது?

விளையாட்டுக்கு இடம் மட்டும் போதாது, பொழுதும் வேண்டும். பண்ணையாள் வீட்டில் பொழுது யாருடையது என்ற கேள்விதான் முதலில் வந்தது.

பண்ணை முறையில் ஆள் தனியாக வேலைக்குச் சேர்வதில்லை, குடும்பமே சேர்ந்தது. ஆண் ஏரும் மண்வெட்டியும் பிடித்தால் பெண் நடவும் களையும் செய்தாள். பையன் பண்ணை மாட்டை மேய்த்தான். பெண்பிள்ளை தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சாணி அள்ளி, தாய் வயலிலிருந்து வரும்வரை வீட்டைப் பார்த்தாள். கன்று மேய ஒதுக்கிய பாழில் கன்றுக்குக் காவலாக நின்றவன் நம் வீட்டுப் பையன். மாடு மேய்ப்பதைக் கதைகளில் குழலும் பாட்டுமாகக் காட்டுவார்கள். மாடு ஒரு வாய் நாற்றைக் கடித்தால் அடி அவன் முதுகில் விழும் என்பதை அந்தக் கதைகள் சொல்வதில்லை.

1943-இல் பி. சீனிவாசராவ் கீழத் தஞ்சைக்கு வந்து விவசாயிகள் சங்கத்தைக் கட்டத் தொடங்கியபோது, முதல் கோரிக்கைகளில் இருந்தவை சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்துவது. தென்பரையில் சங்கம் எழுந்தது. களப்பாலிலும் மன்னார்குடியிலும் மிராசுதாரர்கள் ஒப்பந்தத்துக்கு உட்கார வேண்டிவந்தது. களப்பால் குப்பு 1948-இல் சிறையில் மாண்டார். 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது என்று அது சொன்னது. அதற்கு விடையாக நிலவுடைமையாளர் பலர் பண்ணையாளே வேண்டாம், அன்றாடக் கூலி போதும் என்று மாறிக்கொண்டார்கள். பாதுகாப்பு கைக்கு வரும்முன் நழுவியது.

ஆனாலும் ஒன்று நடந்தது. பண்ணை முறை தளர்ந்தபோது பிள்ளையின் பொழுது பண்ணையிடமிருந்து மெல்ல மெல்ல வீட்டுக்குத் திரும்பியது. அந்தப் பொழுதில்தான் பள்ளிக்கூடம் வந்தது. பள்ளிக்கூடத்தோடு மணியடித்து விடும் இடைவேளையும் வந்தது. நம்மில் பலருக்கு அதுதான் யாரும் வேலை ஏவாத முதல் கால் மணி நேரம். சங்கத்தின் வெற்றிகளைக் கூலிப் படியில் மட்டும் அளந்திருக்கிறோம். ஒரு பையன் மாட்டுக் கோலைக் கீழே வைத்த அந்தக் கால் மணி நேரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

3. மூன்று சென்ட் கணக்கு

பொழுதுக்குப் பிறகு இடம். இடத்தில் முதலில் நிற்பது குடிசையின் அடிமனை.

சேரி இருந்த மண் பெரும்பாலும் மிராசுதாரருக்குச் சொந்தம், அல்லது சொந்தம் என்று அவர் உரிமை கொண்டாடியது. கூலி உயர்த்திக் கேட்டால் வேலையோடு வீடும் போகும். கட்டிப்போடச் சங்கிலி தேவையில்லை, மனையே போதும். இதைச் சென்னை மாகாண அரசு புரிந்துகொண்டு, 1920-களில் தொழிலாளர் துறை மூலம் சேரி மனைகளைக் கையகப்படுத்திக் குடியிருப்போருக்கே கொடுக்கும் வேலையைத் தொடங்கியது. அது ஆமை வேகத்தில் நகர்ந்தது. வெண்மணி எரிந்த பிறகுதான் வேகம் பிறந்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-இல் குடியிருப்புகளை உரிமையாக்கும் சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்தவர் அந்த மனைக்கு உரிமையாளர் ஆனார். கிருஷ்ணம்மாள் – ஜெகந்நாதன் இணையர் வெண்மணிக்குப் பிறகு கீழத் தஞ்சையிலேயே தங்கி, 1981-இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். இவை எல்லாம் பெரிய வெற்றிகள். இவற்றைச் சிறுமைப்படுத்த நமக்கு மனமில்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். நம் காலனிகளில் பட்டா என்றால் வாயில் வருவது மூன்று சென்ட். ஒரு சென்ட் ஏறக்குறைய 40.5 சதுர மீட்டர். மூன்று சென்ட் 121 சதுர மீட்டர் சொச்சம். ஆண்கள் கபடி ஆடுகளம் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர், மொத்தம் 130 சதுர மீட்டர். அதாவது ஒரு குடும்பம் பிறந்து, வளர்ந்து, மணம் முடித்து, பேரன் பேத்தி எடுத்துச் சாக அரசு தரும் இடம் ஒரு கபடிக் களத்தைவிடச் சிறியது. அதில் வீடு, கொல்லை, ஆடு கட்டும் இடம், கோழிக்கூடு எல்லாம் அடங்க வேண்டும். அண்ணனும் தம்பியும் பிரிந்தால் ஒன்றரை சென்ட். பிள்ளை விளையாட மிஞ்சுவது தெரு. தெருவிலும் இப்போது சிமெண்ட் சாலை போட்டாயிற்று. விழுந்தால் முட்டி பெயரும்.

மனை கேட்டபோது நாம் வீட்டை மட்டும் கேட்டோம். அன்றைய நெருக்கடியில் அது சரி. மழையில் நனைகிறவன் முதலில் கூரை கேட்பான். ஆனால் கூரை கிடைத்த பிறகும் கூரைக்கு வெளியே உள்ள மண்ணைக் கேட்க மறந்துவிட்டோமோ என்று இன்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

4. மைதானத்திலும் ஒரு கோடு

ஊரில் திடலே இல்லை என்றும் சொல்ல முடியாது. கோயில் திடல், களத்துமேடு, பள்ளி மைதானம், குளக்கரை மேடு என்று ஏதோ ஒன்று பல ஊர்களில் உண்டு. அங்கே இன்னொரு கோடு இருக்கிறது. சுண்ணாம்பால் போட்ட கோடு அல்ல.

1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டக் கிராமங்களில் ஆய்வு செய்த கேத்லீன் கஃப், 1961–62-இல் ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய் ஆகிய இருவரின் நூல்களிலும் ஊரின் அமைப்பு துலக்கமாகத் தெரியும். அக்கிரகாரம் ஓரிடம், குடியானவர் தெருக்கள் ஓரிடம், வயலைத் தாண்டிச் சேரி ஓரிடம். கோயிலும் அஞ்சல் நிலையமும் கடையும் எந்தப் பக்கம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பொதுவானது எதுவோ அது சேரிக்கு எதிர்ப்பக்கம் அமைந்தது. ஆகவே 'பொது' என்று எழுதியிருந்தாலும் அங்கே போகிற வழி பொதுவாக இல்லை. திடலுக்குப் போகும் பாதை யார் வீட்டு வாசலைக் கடக்கிறது என்பதே யார் அங்கே விளையாடலாம் என்பதைத் தீர்மானித்தது. இன்றும் கோடைக் கிரிக்கெட் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது அணியின் பெயரைப் பார்த்தே தெருவைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அம்பேத்கர் பெயரில் அணி இருந்தால் எந்தத் தெரு என்று கேட்கவே மாட்டார்கள்.

விளையாட்டு சாதியைக் கரைத்துவிடும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். பல்வங்கர் பாலுவின் வரலாறு இதற்கு விடை சொல்லும். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த பாலு, புனேயில் வெள்ளையர் மன்றத்தின் மைதானத்தை உருளை போட்டுச் சமப்படுத்தும் வேலைக்காரராகத்தான் கிரிக்கெட்டுக்குள் வந்தார். வலைப் பயிற்சியில் வெள்ளையருக்குப் பந்து வீசி வீசியே நாட்டின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர்களில் ஒருவரானார். இந்து அணி வெல்ல அவருடைய கை வேண்டியிருந்தது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் தேநீர். 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்துத் திரும்பியவருக்கும் இந்து அணியின் தலைமை கொடுக்கப்படவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923-இல், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, அது கிடைத்தது. மைதானத்தைச் செப்பனிட்ட கைக்கு மைதானத்தில் உரிமை கிடைக்க ஒரு தலைமுறை ஆயிற்று. விளையாட்டு சாதியைத் தானாகக் கரைப்பதில்லை. கரைக்கச் சொல்லி யாராவது அடம்பிடித்தால் கரையும்.

அமெரிக்காவில் இதற்கு இன்னும் கசப்பான ஒரு சான்று உண்டு. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பூங்காக்களை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி நீதிமன்றம் போனார்கள். நகராட்சி என்ன செய்தது தெரியுமா? 1959 தொடக்கத்தில் எல்லாப் பூங்காக்களையும் இழுத்து மூடியது. நீச்சல் குளத்தில் மண்ணைக் கொட்டியது. விலங்குக் கூடத்தில் இருந்த விலங்குகளை விற்றது. 1965-இல்தான் பூங்காக்கள் திரும்பத் திறந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து ஆடுவதைவிடத் தன் பிள்ளையும் ஆடாமல் இருக்கட்டும் என்று ஒரு நகரமே முடிவெடுத்தது. நம் ஊர்களில் பொதுத் திடல் ஏன் முள் மண்டிக் கிடக்கிறது என்று யோசிக்கும்போது மாண்ட்கோமரி நினைவுக்கு வருகிறது. இரண்டு தெருவும் சேர்ந்து ஆட வேண்டிய இடம் என்றால் யாரும் ஆடாமல் கிடப்பதே மேல் என்று நினைக்கிற மனம் அலபாமாவில் மட்டும் இல்லை.

5. சிவகங்கைப் பூங்காவுக்கு ஏன் போகிறோம்?

இந்த வரலாற்றோடு பார்த்தால்தான் நம் வீட்டுப் பயணங்களின் பொருள் புரியும்.

தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டி, சிறுகோட்டைக்குள் சிவகங்கைப் பூங்கா இருக்கிறது. 1871–72-இல் நகராட்சி அதை மக்கள் பூங்காவாக உருவாக்கியது. ஒரு பக்கம் பெரிய கோயில், ஒரு பக்கம் சிவகங்கைக் குளம், அருகே 1779-இல் எழுந்த சுவார்ட்ஸ் தேவாலயம். நம் தலைமுறைக்கு அந்தப் பூங்கா என்றால் சிறுவர் ரயில், படகு, மான்கள். அண்மையில் சில ஆண்டுகள் மூடிக்கிடந்து, சீர்மிகு நகரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டது.

'மக்கள் பூங்கா' என்பதில் உள்ள 'மக்கள்' என்ற சொல்லுக்குள் நாமும் உண்டு என்பதை அரசு தெளிவாக எழுதிவைக்க 1924 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றோடு மக்கள் கூடும் பொது இடங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சாலைக்காகவும் தண்ணீருக்காகவும் நாம் நினைவில் வைத்திருக்கும் அந்தத் தீர்மானம் பூங்காவுக்கும் உரியது. பக்கத்தில் இருக்கும் பெரிய கோயில் நமக்குத் திறந்தது 1939-இல். பின்னர் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, அரசுப் பணத்தில் பேணப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று நாட்டுக்கே சட்டமாக்கியது.

ஊரிலிருந்து ஒரு குடும்பம் விடியக்காலையில் எழுந்து, எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிச் சிவகங்கைப் பூங்காவுக்கு வருகிறது. சறுக்குமரம் ஏறும் வரிசையில் அந்த வீட்டுப் பிள்ளை நிற்கிறது. முன்னால் நிற்கும் பிள்ளை எந்த ஊர், எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. சீட்டு வாங்கினால் உள்ளே போகலாம். இறங்கி வரும் பிள்ளையை இன்னொரு பிள்ளையின் அம்மா, "பாத்து வா சாமி" என்று பிடித்துக்கொள்கிறாள். சொந்த ஊரில் அந்த அம்மா அப்படிப் பிடித்திருப்பாளா? பேருந்துக் கட்டணம் கொடுத்து நாம் வாங்குவது ஊஞ்சலை மட்டும் அல்ல. தெருவின் பெயர் ஒட்டிக்கொள்ளாத அரை நாளையும் சேர்த்து வாங்குகிறோம்.

கல்லணைக்கும் அப்படித்தான் போகிறோம். ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் சின்னஞ்சிறு சப்பரங்களை இழுத்துக்கொண்டு ஓடும் பிள்ளைகளைப் பாருங்கள். காவிரி எல்லோருக்கும் ஒரே ஆறாக இருக்கும் நாள் அது. மல்லிப்பட்டினம் அருகே சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்கு மனோராவும், பூம்புகார்க் கடற்கரையும், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு முன்னால் விரிந்து கிடக்கும் தரங்கம்பாடி மணலும் அதே காரணத்தால்தான் நமக்கு இனிக்கின்றன. கடலோரத்துக்கு வரப்பு கிடையாது.

ஆகவே போகத்தான் வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் போங்கள். பெரிய கோயிலைக் காட்டும்போது அந்தக் கல்வெட்டையும் சொல்லுங்கள். பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடும்போது 1924-ஐச் சொல்லுங்கள். ஆனால் திரும்பி வரும் பேருந்தில் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வருடத்தில் ஒரு நாள் கிடைக்கும் இது, மீதி 364 நாளும் நம் ஊரில் ஏன் கிடைக்கவில்லை?

6. நடந்து போகிற தூரத்தில்

இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்தார். 1947-இல் ஒரு குடியிருப்புச் சதுக்கத்தில் ஒரு மணற்குழி, தொங்கி ஆடச் சில கம்பிகள், உட்காரப் பலகைகள் வைத்து முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். அதைப் பார்த்த மற்றத் தெருக்காரர்கள் தங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளில் எழுநூறுக்கும் மேல் ஆயின. எல்லாம் தெருமுனையில், இடிந்த வீடு இருந்த காலி மனையில், யாரும் கவனிக்காத மூலையில். பெரிய பூங்கா ஒன்றைக் கட்டி எல்லோரையும் அங்கே வரச் சொல்லவில்லை. பிள்ளை நடந்து போகிற தூரத்தில் இடம் வேண்டும் என்றார்கள், வாங்கினார்கள்.

நம்மிடமும் கேட்பதற்கு வழி இருக்கிறது. குழந்தையின் விளையாட்டு உரிமையை ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு ஏற்கிறது. இந்தியா அதில் 1992-இல் இணைந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளி என்றால் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. திறந்த வெளி ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு 2004 ஜூலை 16-ஐ நினைவூட்ட வேண்டும். கும்பகோணத்தில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள், மேல் மாடியில் கீற்றுக் கூரை, இறங்க ஒடுக்கமான படி. 94 குழந்தைகள் இறந்தார்கள். ஓடுவதற்கு இடம் என்பது உயிர் பிழைப்பதற்கும் இடம்.

2024-இல் மாநிலத்தின் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் அடங்கிய தொகுப்பு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நல்லது. நாம் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். அந்த மட்டையும் பந்தும் யார் வீட்டில் இருக்கிறது? அதை வைத்து ஆடும் திடலுக்கு நம் தெருவிலிருந்து வழி இருக்கிறதா?

கிராம சபை குடியரசு நாளிலும் மே தினத்திலும் விடுதலை நாளிலும் காந்தி பிறந்த நாளிலும் கூடுகிறது. மார்ச் 22, நவம்பர் 1 நாள்களிலும் கூடுகிறது. மாணவ நண்பர்கள் அடுத்த கூட்டத்துக்குள் ஒரு வேலை செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் ஊரின் அ-பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். களம் என்றும் மேய்ச்சல் என்றும் எழுதிய புறம்போக்கு இன்று யார் கையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகு களத்துக்கு முன்போல் வேலை இல்லை. டிராக்டர் வந்த பிறகு மேய்ச்சலுக்கு விடும் மாடும் குறைந்துவிட்டது. அந்த நிலத்தைத் திடலாக்கக் கோரித் தீர்மானம் எழுதுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலனிக்கென்று தனியாக ஒரு திடல் கொடுத்து வாயை அடைக்க வருவார்கள். தனிச் சுடுகாடு கொடுத்த பழைய புத்தி அது. காலனிக்கும் ஊருக்கும் நடுவே, இரண்டு பக்கமும் வழி உள்ள ஓர் இடத்தைக் கேளுங்கள். பெண்பிள்ளைகள் மாலையில் பயமில்லாமல் ஓட விளக்கு கேளுங்கள். அவர்களுக்கு இடைவேளைக் கால் மணி நேரம்கூட இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை.

இது சண்டை இல்லாமல் நடக்காது. கூலியும் மனையும் சண்டை இல்லாமல் வரவில்லை. அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு வெண்மணியில் என்ன விலை கொடுத்தோம் என்பது நமக்குத் தெரியும். அந்தக் குடிசையில் இருந்த குழந்தைகள் நெல்லுக்கான போராட்டத்தின் நடுவே நின்றார்கள்; அவர்களுக்கென்று யாரும் எதையும் கேட்கவில்லை. அவர்களுக்காக இன்று நாம் கேட்கக் கூடியது ஒரு துண்டு மேட்டு நிலம். அதில் கோடு போட்டால் அது கிளித்தட்டுக்குப் போட்ட கோடாக மட்டும் இருக்க வேண்டும்.

அடுத்த சித்திரையில் பிள்ளை "எங்கப்பா கூட்டிட்டுப் போற?" என்று கேட்கட்டும். தஞ்சாவூருக்கும் கூட்டிப் போவோம். மற்ற நாள்களில் அது நம்மைக் கேட்காமலே, செருப்பைக் கூடப் போடாமல், வாசல் தாண்டித் திடலுக்கு ஓடட்டும்.

ஜெய் பீம்.